குளத்தில் மூழ்கிய அலுவலகம்

அத்தியாயம் 5

"செய்மதி பொய் சொல்லாதாம்ங்க," என்றாள் அங்கம்மா. "மனுசன்தான் பொய் சொல்லுவானாம். அதனால என் தம்பி சொல்லுறது பொய்யாம். இன்ஸ்பெக்டர் ஐயா அப்பிடித்தான் சொன்னாரு."

துப்பறியும் கமலாசனி மேசையிலிருந்த தேநீரைத் தள்ளி வைத்தாள். கண்டியில், கொழும்பு வீதியில் ஒரு புடைவைக்கடையின் மேல்மாடியில் இருந்த அந்த ஒற்றை அறைதான் அவளுடைய அலுவலகம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் பூமிசாஸ்திரம் படிப்பித்து, அதிபரோடு முறுகி வேலையை விட்டவள். முட்டாள்தனத்தைக் கண்டவுடன் முகம் சுளிக்கும் பழக்கத்தை மட்டும் வேலையோடு விட்டுவிட்டு வரவில்லை.

"செய்மதியோட இன்ஸ்பெக்டர் நேர கதைச்சவராமோ?" என்று கேட்டாள்.

"சிங்களத்திலயா மிஸ், இங்கிலீசிலயா?" என்றது வாசல் பெஞ்சிலிருந்து ஒரு குரல். அது றிஸ்வி. கட்டுகஸ்தோட்டையில் றேடியோ திருத்திக்கொண்டிருந்தவன், இப்போது ஓட்டோ ஓட்டுகிறான். கமலாசனிக்கு உதவியாளனாகவும் இருக்கிறான். வாயைத் திறக்காமல் இருப்பது அவனுக்குத் தெரிந்த தொழில்களில் ஒன்றல்ல.

அங்கம்மா சிரிக்கவில்லை. பல்லேகலையில் தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள், வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். தம்பியைப் பொலிஸ் பிடித்து வைத்திருக்கிறது என்று அங்கே தெரிந்தால் வேலையும் போய்விடும். அவள் சொன்னதைக் கமலாசனி இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

தம்பி பெயர் சுந்தரலிங்கம். கலஹாவில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவன். வெள்ளைக்காரர்களை ஹந்தானை மலைக்குமேலால் நடத்திக் கூட்டிப்போகும் வேலை. தம்பிராஜா என்பவர் நடத்தும் உல்லாசப் பயண அலுவலகத்துக்காக அவன் அதைச் செய்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்தைப் புலிகள் தாக்கி விமானங்கள் எரிந்த பிறகு, மின்சாமான் வைத்திருக்கிற தமிழர் அலுவலகமெல்லாம் சோதனை. தம்பிராஜாவின் அலுமாரியில் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற ஜீ.பீ.எஸ். கருவிகள் அகப்பட்டன. நடந்த வழியைக் கோடாகப் பதிந்து வைக்கும் கருவி அது. அவற்றில் ஒன்றில் இருந்த கோடு ஹந்தானை முகட்டில் தொடங்கி, குன்றின் மேலிருக்கும் இராணுவ முகாமை ஊடறுத்து, மகாவலியின் அக்கரைப் பற்றைக்காட்டில் போய் நின்றது. யார் கொண்டுபோன கருவி என்று பொலிஸ் கேட்டது. சுந்தரலிங்கம் என்று தம்பிராஜா சொன்னார்.

"நாளைக்கு காலைல கொழும்புக்குக் கொண்டு போறாங்களாம்ங்க," என்றாள் அங்கம்மா. "இங்கயாவது கம்பிக்கு வெளியில நின்னு சாப்பாடு குடுக்குறேன். அங்க போனவங்க எங்க இருக்காங்கன்னு எந்தக் கதவுல போயி கேக்கிறது?"

கமலாசனி எழுந்து குடையை எடுத்தாள். "றிஸ்வி, ஓட்டோவை எடு. முதல்ல அந்தப் பொய் சொல்லாத சாமானின்ர சொந்தக்காரரைப் பாப்பம்."

*

தம்பிராஜாவின் அலுவலகம் கண்டிக் குளத்தின் மேற்குக் கரையோரம், யன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரிகிற இடத்தில் இருந்தது. சுவரெல்லாம் சீகிரியாப் படங்கள். அவர் கழுத்தில் கழுத்துப்பட்டி. பாட்டனார் இந்தியாவிலிருந்து வந்து கம்பளையில் கடை போட்ட குடும்பம், இப்போது நகரத்தில் கௌரவமான ஆள். வந்தவர்கள் எதற்காக வந்தார்கள் என்று அறிந்ததும் அவர் குரலில் துக்கம் வந்தது. மனிதர் அதை எங்கோ தயாராக மடித்து வைத்திருந்தார் போலும்.

நல்ல பையன்தான், என்றார். கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் காலத்தில் யாருடைய மனதுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கருவி காட்டியதைத் தான் மறைக்க முடியாதே. சிங்கப்பூரிலிருந்து நேரே தருவித்த கருவி. வானத்தில் சுற்றுகிற செய்மதிகளோடு தொடர்பு. கப்பலும் விமானமும் இதை நம்பித்தான் போகின்றன.

"அப்ப கட்டுநாயக்காவில எரிஞ்ச விமானமும் இதை நம்பித்தானோ நிண்டது?" என்றாள் கமலாசனி.

தம்பிராஜா அதைக் கேளாதவர் போல, பொலிஸ் கொண்டுபோகாமல் விட்ட ஒரு கருவியை மேசையில் வைத்தார். அதே இனம், அதே வயது. உள்ளங்கைக்குள் அடங்கும் மஞ்சள் பெட்டி. றிஸ்வி அதை வாங்கி யன்னலோரம் கொண்டுபோனான். கொஞ்ச நேரத்தில் திரையில் எழுத்துகள் வந்தன. அவன் பெட்டியை உள்ளங்கையில் மெதுவாகத் தட்டினான். திரை இருண்டது. மறுபடி உயிர்ப்பித்தான், மறுபடி தட்டினான், மறுபடி இருண்டது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சூள் கொட்டினான். பெட்டரியைப் பிடிக்கிற கம்பிச்சுருள் தளர்ந்து கிடந்தது. ஒரு குலுக்கலுக்குப் பெட்டரி விலகும், கருவி செத்துவிடும்.

"இது நடக்கிற ஆக்களுக்கு செஞ்ச சாமான்தானே மிஸ்?" என்றான். "நல்ல சாமான். நடந்தா மட்டும்தான் வேல செய்யுதில்ல."

வெள்ளைக்காரர்கள் மலிவான பெட்டரி போடுகிறார்கள், அதுதான் காரணம் என்றார் தம்பிராஜா. மழையில் நனைக்கிறார்கள், மரத்துக்குக் கீழே நின்றுகொண்டு செய்மதி தெரியவில்லை என்று குறை சொல்கிறார்கள். கருவியில் ஒரு பிழையும் இல்லை.

கமலாசனி வேறு கதைக்குப் போனாள். அந்த நடை முடிந்தபிறகு கருவி எங்கே இருந்தது?

"சாயந்தரம் சுந்தரலிங்கம் கொண்டு வந்து குடுத்தான். அலுமாரியில வச்சுப் பூட்டினது. பொலிஸ் வந்துதான் திறந்தாங்க மேடம். நடுவில நான் தொட்டதே இல்ல."

வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கவில்லையா என்று கேட்டாள். வீட்டில் அலுவலக வேலை செய்யும் வழக்கம் தனக்கு இல்லை என்றார் அவர். லெவெல்லவில் ஆற்றங்கரையில் வீடு, பின்விறாந்தையில் சாய்மனைக் கதிரை, நல்ல காற்று. அங்கே போனால் உலகத்தையே மறந்துவிடுவாராம்.

"இண்டைக்குக் கொஞ்சம் மறக்காம இருங்கோ," என்றாள் கமலாசனி. "பின்னேரம் இன்ஸ்பெக்டரிட்டைப் போறம். மெசினைப் பற்றி விளங்கப்படுத்த விசயம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும். நீங்கள் வந்தால் நல்லது. இந்த மஞ்சள் பெட்டியையும் கொண்டு வாங்கோ."

விசயம் தெரிந்த ஆள் என்ற சொல் தம்பிராஜாவுக்குப் பிடித்திருந்தது. கண்ணாடியில் கழுத்துப்பட்டியைச் சரிபார்த்துக்கொண்டே சம்மதித்தார்.

ஓட்டோவில் ஏறியதும் றிஸ்வி கேட்டான். அந்த மனுசனுக்கு மெசினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாதே, எதற்கு அவரைக் கூப்பிட்டீர்கள்?

"தெரிஞ்சவனைக் கூப்பிட்டால் யோசிச்சுப் பேசுவான்," என்றாள் கமலாசனி. "தெரிஞ்ச மாதிரி நடிக்கிறவன் பக்கத்தில இருக்கிறதுதான் எங்களுக்கு வசதி."

*

இன்ஸ்பெக்டர் ஹேரத் வடக்கில் வேலை பார்த்த காலத்தில் தமிழ் பழகியவர். நன்றாக விளங்கும், பேசும்போது மட்டும் கொஞ்சம் இடறும். மரியாதையான மனிதர். கதிரை தந்தார், தேநீருக்கும் சொன்னார். அவருக்கு முதுகுப்புறச் சுவரில் கண்டிப் பகுதியின் பழைய நிலஅளவைப் படம் தொங்கியது. வெள்ளைக்காரன் காலத்து அளவு, ஓரமெல்லாம் பழுப்பு. அதன் மேல் இரண்டு குண்டூசிகளுக்கு இடையே ஒரு சிவப்பு நூல் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. அறைக்குள் நுழைந்தவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்க்கவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது தெரிந்தது. மேலதிகாரிகூட வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனாராம்.

கமலாசனி படத்துக்குக் கிட்டப் போனாள். மூக்குக் கண்ணாடியை இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கினாள்.

"வடிவான நூல். இதைப் பிடிச்சவர் ஆர்?"

கருவியிலிருந்த எண்களை வாசித்துத் தானே குண்டூசி குத்தியதாக இன்ஸ்பெக்டர் சொன்னார்.

"ஹந்தானையில இருந்து ஆறு மட்டும் ஒரு வளைவில்லை. நீங்கள் கண்டியில எத்தினை வருசம் இருக்கிறியள், இன்ஸ்பெக்டர்? இஞ்ச பக்கத்து வீட்டில சீனி வாங்கப் போறதுக்கே வளைஞ்சு நெளிஞ்சுதானே போறம். இந்தப் பெடியன் முகட்டில இருந்து பள்ளத்துக்கு மேலால காலை வைச்சு, முகாமின்ர சுவருக்குள்ளால நுழைஞ்சு, மற்றப் பக்கத்தால வெளிய வந்து, மகாவலியில தண்ணிக்கு மேலால நடந்து போயிருக்கிறான். இப்பிடி ஒரு ஆளுக்குக் கோயிலெல்லோ கட்ட வேணும். சிறையிலயா வைச்சிருக்கிறியள்?"

இன்ஸ்பெக்டர் நூலைப் பார்த்தார். அதை அவர் பலதரம் பார்த்தவர்தான். ஆனால் இந்தக் கேள்வியோடு பார்க்கவில்லை. அடுத்த சாட்சியத்துக்குத் தாவினார்.

"அப்ப மணிக்கூடு? அந்த மெசின்ல நேரம் அரை மணி பிந்தி இருக்கு. வன்னியில புலி வச்சிருக்கிறது அந்த நேரம் தானே."

அரசாங்கம் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளிய பிறகு நாட்டில் பழைய நேரம், புதிய நேரம் என்று இரண்டு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. வன்னியில் பழைய நேரத்தை மாற்றவில்லை என்பது உண்மைதான். கமலாசனி பதில் சொல்ல முதல் ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்கட அம்மா பன்சலையில பிக்குமாருக்குத் தானம் கொண்டு போறது எந்த நேரத்தில?"

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் தயங்கினார். "பழைய நேரம்," என்றார் கடைசியில்.

"அவவை எப்ப கைது செய்யிறியள்?" என்று கேட்டுவிட்டு, தொடர்ந்தாள். "பழைய நேரம் வன்னியில மட்டுமில்லை. சென்னையிலயும் அதுதான் நேரம். இந்த மெசின் வாங்கினது சென்னையில. கடைக்காரன் வைச்சுக் குடுத்த நேரத்தை ஒருத்தரும் மாத்தேல்லை. என்ன, தம்பிராஜா?"

தம்பிராஜா சிங்கப்பூர் என்று சொல்ல வாயெடுத்தார். றிஸ்வி மஞ்சள் பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்தில் அரைகுறையாகக் கிழித்திருந்த கடைச்சீட்டை நகத்தால் தட்டினான். சென்னை ரிச்சி தெரு என்ற எழுத்துகள் அதில் தப்பியிருந்தன.

"சரி," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா கோடு கோடுதான். செய்மதி சும்மா கோடு போடாது."

"போடும். உங்களுக்கு முன்னால போட்டுக் காட்டட்டோ?"

எல்லாரும் வாசலுக்குப் போனார்கள். பொலிஸ் நிலையத்தின் முன்படலையில் வைத்து மஞ்சள் பெட்டியை உயிர்ப்பித்து, அது செய்மதிகளைப் பிடிக்கும் வரை வெயிலில் காத்திருந்தார்கள். பிடித்ததும் றிஸ்வி பெட்டியைத் தொடையில் ஒரு தட்டுத் தட்டினான். திரை இருண்டது. செத்த பெட்டியோடும் ஒரு கொன்ஸ்டபிளோடும் ஓட்டோவில் ஏறி, சந்தியைச் சுற்றி, நிலையத்தின் பின்பக்க ஒழுங்கைக்குப் போனான். அங்கே பெட்டரியை அமுக்கி மறுபடி உயிர்ப்பித்தான். கோடு விழுந்ததும் பதிவை நிறுத்திவிட்டு, வந்த வழியே திரும்பி வந்து, பெட்டியை இன்ஸ்பெக்டரிடம் பணிவாக நீட்டினான்.

திரையில் ஒரு நேர்கோடு இருந்தது. முன்படலையில் தொடங்கி, கட்டடத்தை நடுவால் கிழித்துக்கொண்டு, பின் ஒழுங்கையில் முடிந்தது.

கடைசியாகத் தெரிந்த இடம், மறுபடி கண்ணைத் திறந்த இடம் இரண்டையும் பிடித்துக்கொண்டு இந்தப் பெட்டி நடுவில் கோடு இழுக்கிறது என்று கமலாசனி விளக்கினாள். நடுவில் ஆள் எந்த வழியால் போனான் என்பது அதற்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் புத்தியும் அதற்கு இல்லை. "சில மனுசரைப் போல," என்று சேர்த்துக்கொண்டாள். "இந்தக் கோட்டின்படி றிஸ்வி உங்கட ஆயுத அறைக்குள்ளால போயிருக்கிறான், இன்ஸ்பெக்டர். இவனையும் கொழும்புக்கு அனுப்புங்கோ."

றிஸ்வி இரண்டு கைகளையும் நீட்டினான். "உள்ள துப்பரவு காணாது சேர். தூசி."

கொன்ஸ்டபிள் சிரித்துவிட்டு, இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

*

ஹேரத் முட்டாள் அல்ல. பெட்டியோடு தன் அறைக்கு நடந்தார், மற்றவர்கள் பின்னால் போனார்கள். பிறகு தன் சுவருக்குத் திரும்பி, ஆற்றின் அக்கரையில் இருந்த குண்டூசியில் விரலை வைத்தார்.

"கோடு பொய். ஒத்துக்கிறன். ஆனா இந்த நுனி பொய் இல்ல. மெசின் மலையில செத்தது, இங்க வச்சுத்தான் யாரோ அதுக்கு உயிர் குடுத்தது. இது பற்றைக்காடு. வீடு இல்ல, பாதை இல்ல. சுந்தரலிங்கம் இங்க வந்து யாரைச் சந்திச்சது?"

முதலில் பேசியது தம்பிராஜாதான். அதுதானே, என்றார் அவசரமாக. அந்த இடத்தைப் பற்றித்தான் அவனிடம் கேட்கவேண்டும். பற்றைக்காட்டில் நல்ல மனுசனுக்கு என்ன வேலை?

கமலாசனி திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தாள். வகுப்பில் பார்த்து எழுதுகிறவளைப் பார்க்கிற பார்வை அது.

"நல்ல கேள்வி, இன்ஸ்பெக்டர். இந்த நுனி எனக்கும் வேணும். பொலிஸ் எடுத்த மெசினில இடங்களைப் பேர் குடுத்துப் பதிஞ்சு வைச்சிருக்கும். அதில அலுவலகம் எண்டு ஒண்டு இருக்கோ பாருங்கோ."

சாட்சியப் பையிலிருந்து கருவி வெளியே வந்தது. இருந்தது. கருவி வாங்கிய புதிதில், தன் அலுவலக வாசலில் நின்று தம்பிராஜாவே ஆங்கிலத்தில் பதிந்த பெயர். அதன் எண்களை வாசித்து, அந்த இடத்திலும் ஒரு குண்டூசி குத்தும்படி கமலாசனி கேட்டாள். நூல் பிடித்த அதே கையால், அதே முறையில்.

இன்ஸ்பெக்டர் அளந்தார், குத்தினார், பின்வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. குண்டூசியைப் பிடுங்கி மறுபடி அளந்து மறுபடி குத்தினார். அதே துளையில்தான் போய் நின்றது.

கண்டிக் குளத்தின் நடுவில்.

"தம்பிராஜா நானா," என்றான் றிஸ்வி, "ஆபீசுக்கு வாடக யாருக்குக் கட்டுற? மீனுக்கா?"

கமலாசனி படத்தைக் காட்டி விளக்கினாள்.

"இது வெள்ளைக்காரன் சங்கிலி பிடிச்சு அளந்த படம். அவன் ஒரு இடத்தில காலை ஊண்டிக்கொண்டு அளந்தான். செய்மதி வேற இடத்தில காலை ஊண்டிக்கொண்டு அளக்குது. எந்த நாட்டுப் படத்தோட பாக்கப் போறம் எண்டு மெசினுக்கு முதலே சொல்லி வைக்க வேணும். அதுக்கு உள்ளுக்க ஒரு தெரிவு இருக்குது. சொந்தக்காரருக்கு அது தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதால நீங்கள் குத்தினது எல்லாம் ஒரே அளவாக் கிழக்க தள்ளி நிக்குது. அலுவலகம் கிழக்க தள்ளிக் குளத்துக்குள்ள விழுந்திட்டுது. அப்ப உங்கட பற்றைக்காடு?"

மேசையிலிருந்த ஒரு கடதாசித் துண்டை எடுத்தாள். குளத்துக் குண்டூசியிலிருந்து மேற்குக் கரையில் உண்மையான அலுவலகம் இருக்கும் இடம் வரை அதில் அளவு பிடித்தாள். அந்த அளவை அப்படியே கொண்டுபோய், அக்கரைக் குண்டூசியில் ஒரு நுனியை வைத்து, மேற்குப் பக்கமாகப் படிய வைத்தாள். கடதாசி ஆற்றைத் தாண்டியது. இக்கரையில் ஏறி நின்றது.

இன்ஸ்பெக்டர் குனிந்து வாசித்தார். லெவெல்ல. அங்கே பற்றைக்காடு இல்லை. வீடுகள்தான்.

"நல்ல காத்து வாற இடம் சேர்," என்றான் றிஸ்வி. "சாய்மனைக் கதிர போட்டா உலகமே மறந்துரும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தம்பிராஜாவின் கழுத்துப்பட்டி அவருக்குத் திடீரென்று இறுகிவிட்டது போல, விரலை விட்டுத் தளர்த்திக்கொண்டிருந்தார். தொட்டதே இல்லை என்றவரின் வீட்டுப் பின்விறாந்தையில்தான் கருவி கண்ணைத் திறந்திருக்கிறது.

இந்த இடத்தில் கமலாசனி எதிர்பாராத ஒன்று நடந்தது. இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. கொன்ஸ்டபிளைக் கூப்பிட்டார். தம்பிராஜாவை எழுந்து நிற்கச் சொன்னார். அப்படியென்றால் முகாமைப் பார்த்தது இவர், ஆற்றங்கரையில் வைத்துப் புலிக்குக் கருவியைக் காட்டியதும் இவர். நாளைக்குக் கொழும்புக்குப் போகிற பொலிஸ் வான் போகட்டும், ஆள் மட்டும் மாறட்டும்.

"இருங்கோ," என்றாள் கமலாசனி. மேசையில் உள்ளங்கையை ஊன்றி எழுந்தாள். "அதே நூல். அதே முட்டாள்தனம். பேரை மட்டும் மாத்திக் கட்டுறியள். இப்பதானே கோடு பொய் எண்டு ஒத்துக்கொண்டியள். முகாமுக்க ஒருத்தரும் போகேல்லை. இவர் ஒரு இடத்துக்கும் போகேல்லை. வீட்டுக்குப் போயிருக்கிறார், அவ்வளவுதான். இவர் செய்தது வேற. அது உங்கட சட்டப் புத்தகத்தில இல்லை."

தம்பிராஜா பக்கம் திரும்பினாள்.

"நான் சொன்னால் அது ஊகம். நீங்கள் சொன்னால் வாக்குமூலம். சொல்லுங்கோ. இல்லாட்டி இன்ஸ்பெக்டர் தன்ர நூலை உங்கட கழுத்தில கட்டுவார், நான் தடுக்க மாட்டன்."

தம்பிராஜா சொன்னார். சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியாமல் சொன்னார். கருவிகள் சென்னையில் வாங்கிய பழைய சாமான். வாங்கிய நாளிலிருந்தே நடக்க நடக்கச் செத்துப் போகின்றன. அன்று வந்தது ஓர் ஆங்கிலேயப் புருஷன் பெண்சாதி. அவர்கள் முகட்டில் மூடுபனிக்குள் இருக்கும்போது கருவி இருண்டுவிட்டது. சுந்தரலிங்கம்தான் அவர்களை இறக்கிக் கொண்டுவந்தான். மலையில் ஆளைச் சாகடிக்கிற கம்பனி என்று பத்திரிகைக்கு எழுதுவோம் என்று அவர்கள் கத்திவிட்டுப் போனார்கள். அதனால் கருவியை ஒருவருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், பெட்டரி மாற்றிப் பார்த்தார். எரிந்தது. மறுநாள் அலுமாரியில் வைத்துவிட்டார். பொலிஸ் அந்தக் கோட்டைக் காட்டியபோது அது ஏன் வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. நான் கொண்டுபோனேன் என்று சொன்னால் தன்னைக் கொண்டுபோவார்கள் என்பது மட்டும் விளங்கியது.

"எனக்குப் பிள்ளைங்க இருக்காங்க மேடம். தொழில் இருக்கு. பேர் இருக்கு."

"சுந்தரலிங்கத்துக்கு?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "தோட்டத்து ஆளு. நாலு கேள்வி கேட்டுட்டு விட்டிருவாங்கன்னு நினைச்சேன்."

"தோட்டத்து ஆள்," என்று கமலாசனி திருப்பிச் சொன்னாள். "உங்கட பாட்டன் எந்தக் கப்பலில, எந்தத் தளத்தில வந்து இறங்கினவர் எண்டு அந்த மெசினில பாக்கட்டோ? அதுக்கும் ஒரு நேர்கோடு கீறித் தரும்."

இன்ஸ்பெக்டர் கதிரையில் இருந்தார். அவருக்கு இப்போது வேறு சங்கடம். மேலதிகாரி பாராட்டிவிட்டுப் போன நூல் அது. ஒன்றுமில்லை என்று சொல்லி ஆளை வெளியே விட்டால், நாளை அவரை யார் கேள்வி கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். சுற்றி வளைத்துச் சொன்னார். வானை நிறுத்தலாம். விடவும் செய்யலாம். ஆனால் பிணை வேண்டும். கண்டியில் சொந்த வீடு உள்ள ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவனைத் தானே கூட்டிவந்து இங்கே ஒப்பமிட வைக்க வேண்டும். ஒரு ஞாயிறு அவன் வராவிட்டால், பிணை நின்றவர் உள்ளே.

தம்பிக்குச் சாப்பாடு கொண்டு வந்து வாசலில் நின்ற அங்கம்மாவின் முகம் விழுந்தது. அவள் இருப்பது லயத்து அறை, அது தோட்டத்துக்குச் சொந்தம். கமலாசனி இருப்பது வாடகைக்கு. றிஸ்வி தன் உம்மாவின் வீட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். கமலாசனி கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள்.

"வீடு இருக்கிறவர் ஒருத்தர் இஞ்சயே இருக்கிறார்," என்றாள். "எங்க இருக்குது எண்டு இப்ப பொலிசுக்கும் நல்லாத் தெரியும்."

தம்பிராஜா மறுத்துப் பார்த்தார். பாடசாலைப் பிள்ளை போல் காரணங்கள் சொன்னார். நெஞ்சு நோய், வியாபாரம், ஞாயிறு கோயிலுக்குப் போகிற வழக்கம். இன்ஸ்பெக்டர் சுவரிலிருந்த சிவப்பு நூலின் ஒரு நுனியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். தம்பிராஜா பேனையை எடுத்தார். எந்தப் பெயரைப் பொலிஸ் வாயிலிருந்து தப்ப வைக்க ஒரு மனுசனைக் கொடுத்தாரோ, அந்தப் பெயரை அந்த மனுசனின் பெயருக்குப் பக்கத்தில் தானே எழுதினார்.

சுந்தரலிங்கத்தைக் கூட்டி வந்தார்கள். ஒரு கண் வீங்கியிருந்தது. கைகளைத் தேய்த்துக்கொண்டே அக்காவைப் பார்த்தான், பிறகு கமலாசனியைக் கும்பிட்டான். யார் பிணை என்று கேட்டான். சொன்னார்கள். அவன் தம்பிராஜா பக்கம் திரும்பினான்.

"நான் எங்கயும் ஓடிற மாட்டேங்க ஐயா," என்றான் அமைதியாக. "ஆனா மலைக்காரன். மழை புடிச்சா பிந்தும், மூடுபனின்னா எங்கயாவது உக்காந்திருவேன். ஞாயித்துக்கிழமை நீங்க கொஞ்சம் பொறுமையா இருக்கணும்."

தம்பிராஜாவுக்குப் பொறுமை இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்ப முடியாமல் வாடகைக்கார் பிடித்து, விடியும்போதே கலஹாவில் லயத்து வாசலில் வந்து நின்றார். கழுத்துப்பட்டியோடு நின்றவரை வேலிக்கு வேலி ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அங்கம்மா அவரை உள்ளே வரச் சொல்லவில்லை. சுந்தரலிங்கம் தண்ணீர் விழும் பீலியடியில் முகம் கழுவினான், தலை சீவினான், தேநீரை ஊதி ஊதிக் குடித்தான், சேட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினான். பிறகு வெளியே வந்து, கார் கதவை அவர் திறந்து பிடிக்கும் வரை நின்றான்.